ஊசி போட்ட மறுநாள் பேர் விழுமா?

2021 ஆகஸ்ட் 29

எங்கள் பகுதி சுகாதார வைத்திய அதிகாரி அவர்களுக்கும், தோட்ட முகாமையாளர் அவர்களுக்கும், மூன்று தொழிற்சங்கங்களின் தலைவர்மாருக்கும் வணக்கம்.

நான் இந்தத் தோட்டத்துப் பாடசாலையில் சின்னப் பிள்ளைகளுக்குப் படிப்பிக்கிறேன். மேல் டிவிசனில் ஆறாம் நம்பர் லயத்து வரிசை வீட்டில் அம்மாவோடும் அண்ணன் குடும்பத்தோடும் இருக்கிறேன். ஒன்லைன் வகுப்பை நிறுத்திவிட்டுச் சம்பளப் பிரச்சினைக்காகப் போராடும் ஆசிரியர்களில் நானும் ஒருத்தி. அதனால் கையில் நேரம் இருக்கிறது, கடிதம் எழுதுகிறாள் என்று நீங்கள் நினைத்தாலும் பரவாயில்லை, வாசித்துவிடுங்கள்.

12ஆந் திகதி வியாழக்கிழமை கொழுந்து மடுவத்தில் கொவிட் ஊசி போட்டீர்கள். மூன்று மேசை, இரண்டு ஐஸ் பெட்டி, கைகழுவ ஒரு வாளி. வந்தது தோட்டத்தில் பாதிக்கும் குறைவான ஆட்கள். நாலு மணிக்குப் பெட்டியை வேனில் ஏற்றும்போது உங்களோடு வந்த ஒருவர், "இந்தச் சனத்துக்கு எவ்வளவு செய்தாலும் விளங்காது" என்றார். சிங்களத்தில்தான் சொன்னார். எங்களுக்குச் சிங்களம் விளங்கும்.

அந்த ஒரு வார்த்தைதான் என்னை எழுத வைத்தது. நான் ஊசிக்கு எதிரானவள் அல்ல. ஜூலையில் ஆசிரியர்களுக்குப் போட்டபோது டவுன் பாடசாலையில் வரிசையில் நின்று போட்டுக்கொண்டேன். இந்த மாதம் இரண்டாவதும் முடிந்தது. இரண்டும் சினோபார்ம்தான், எங்கள் சனம் சொல்லும் 'சைனா ஊசி'. வரும் வியாழன் நீங்கள் திரும்பி வரும்போது மிச்சப் பேரும் போட்டுக்கொள்ள வேண்டும் என்பதுதான் என் ஆசையும். ஆனால் வராதவர்கள் ஏன் வரவில்லை என்று உங்களில் ஒருவர்கூட லயத்துக்கு ஏறி வந்து கேட்கவில்லை. நான் கேட்டேன்.

முதலில் என் அம்மா. 54 வயது, பிரஷர்காரி. அன்றைக்குக் காலையில் படங்கைக் கட்டிக்கொண்டு, ஊசி போடும் மடுவத்தைத் தாண்டித்தான் மலைக்குப் போனாள். ராத்திரி ரொட்டி தட்டிக்கொண்டே சொன்னாள்:

"ஊசி போட்டா காச்ச வருங்கிறாங்க. காச்ச வந்தா மறுநா மலைக்கி ஏற முடியாது. ஏறலன்னா பேரு விழாது. இருவது கிலோவ யாரு எடுத்துக் குடுப்பா, ஒங்க டாக்டரா?"

டொக்டர் ஐயா, இந்தக் கணக்கு உங்களுக்குத் தெரியாமலிருக்கலாம். பேர் என்றால் ஒருநாள் வேலைப் பதிவு, அது விழுந்தால்தான் அன்றைய கூலி. முகாமையாளர் துரைக்கு நன்றாகத் தெரியும். மார்ச் 5ஆந் திகதி வர்த்தமானியில் நாட்சம்பளம் 1,000 ரூபாய் என்று வந்தது, அடிப்படை 900, கொடுப்பனவு 100. பட்டாசு வெடித்தோம். கூட்டு ஒப்பந்தம் இல்லாமல் போனதும், எங்கள் தோட்டத்தில் 16, 18 கிலோ என்றிருந்த அளவு 20 ஆனது. 19 கிலோ எடுத்தால் அரைப் பேர். மலைக்கே போகாவிட்டால் ஒன்றுமில்லை. எனக்கு ஊசி போட்ட அன்று ராத்திரி காய்ச்சலடித்தது, இரண்டு பனடோல், மறுநாள் முழுக்கப் படுக்கை. கை இரண்டு நாள் வலித்தது. எனக்கு அது ஒரு கதை, அவ்வளவுதான். நான் மாதச் சம்பளக்காரி. என் அம்மாவுக்கு அதே காய்ச்சல் 1,000 ரூபாய். இரண்டு ஊசிக்கும் சேர்த்துப் பார்த்தால் 2,000. அரிசிக் கடைக் கொப்பியில் அது எத்தனை வரி என்று அவளைக் கேளுங்கள், உடனே சொல்லுவாள்.

இலவச ஊசி என்று ஒலிபெருக்கியில் சொல்லிக்கொண்டு போனீர்கள். எங்களுக்கு அது இலவசமில்லை.

20ஆந் திகதி இரவு பத்து மணிக்கு நாட்டையே மூடினார்கள். மறுநாள் காலையில் இங்கே வழமைபோல, வேலைக்கு ஆள் கூடும் பிரட்டுக்குச் சங்கு ஊதியது. தேயிலை நிற்கக்கூடாது, டொலர் வேண்டும். சரி, அதில் நியாயம் இருக்கிறது என்றே வைத்துக்கொள்வோம். நாடு வீட்டுக்குள் இருக்கும்போது வெளியே நிற்கச் சொன்ன ஆட்களுக்கு ஊசி முதலிலேயே வந்திருக்க வேண்டாமா? கொழும்பில் ஜனவரி 29ஆந் திகதியே போடத் தொடங்கினார்கள். எங்கள் மடுவத்துக்கு வந்தது ஆகஸ்டில். ஏழு மாதம் நாங்கள் காத்திருந்தோம். நாங்கள் யோசிக்க உங்களுக்கு ஒரு மாதம்கூடப் பொறுக்கவில்லை.

அம்மாவின் காரணம் கூலிக் காரணம். வேறு காரணங்களும் உண்டு. எல்லாவற்றையும் நான் நியாயப்படுத்தப் போவதில்லை. வாட்ஸ்அப்பில் ஒரு குரல் பதிவு சுற்றுகிறது, ஊசி போட்டவர்கள் இரண்டு வருசத்தில் செத்துப்போவார்களாம். அது சுத்தப் பொய், லயத்தில் ஒவ்வொரு காம்பிராவாகப் போய் அழிக்கச் சொன்னேன். ஊசி போட்ட கையில் காந்தம் ஒட்டும் என்று இன்னொன்று. அண்ணன் மகன் ஐந்து ரூபாய்க் குற்றியை என் தோளில் வைத்துப் பார்த்தான். ஒட்டியது. ஊசி போடாத தன் நெற்றியில் வைத்தான், அங்கேயும் ஒட்டியது. வியர்வைக்கு எந்த ஊசியும் ஒன்றுதான் என்று அவனே கண்டுபிடித்துவிட்டான். எட்டு வயது.

ஆனால் பிள்ளை பிறக்காது என்ற கதையை நான் அப்படிச் சிரித்துத் தள்ள மாட்டேன். அதுவும் பொய்தான். மலட்டுத்தன்மைக்கும் இந்த ஊசிக்கும் சம்பந்தமில்லை, கர்ப்பிணித் தாய்மாருக்கே இப்போது போடுகிறார்கள். ஆனால் அந்தப் பொய் எங்கே வேர்விட்டது என்று பாருங்கள். கருத்தடைச் சத்திரசிகிச்சைக்குப் போகிறவர்களுக்கு அரசாங்கமே காசு கொடுத்த காலம் 1980களில் இருந்தது. என் அப்பாயி அதைச் சொல்லிச் சொல்லியே செத்தாள். லொறி வரும், பெண்களை ஏற்றிக்கொண்டு போகும், சாயங்காலம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு இறங்குவார்கள், கையில் கொஞ்சம் காசு. எதில் கையெழுத்துப் போட்டோம் என்று பாதிப்பேருக்குத் தெரியாது, கடிதாசி அவர்கள் பாஷையில் இல்லை. இதைக் கேட்டு வளர்ந்த பெண்ணிடம், எழுதியது விளங்காத ஒரு படிவத்தை நீட்டி, "இங்க சைன் வைங்க" என்றால் அவள் என்ன நினைப்பாள்?

12ஆந் திகதி அதுதான் நடந்தது. சம்மதப் படிவம் சிங்களத்தில் இருந்தது. தமிழ்ப் படிவம் முடிந்துவிட்டதாம். தமிழர்கள் மட்டுமே இருக்கும் டிவிசனுக்கு வரும்போது தமிழ்ப் படிவம் எப்படி முதலில் முடிகிறது என்று நானும் யோசித்துப் பார்க்கிறேன். 1987இலிருந்து தமிழும் இந்த நாட்டின் அரச கரும மொழி. அந்தப் படிவத்தில் இருந்தது என்ன? ஒவ்வாமை இருக்கிறதா, காய்ச்சல் இருக்கிறதா, வேறு என்ன மருந்து எடுக்கிறீர்கள். நல்ல கேள்விகள். கேட்டவர் 'இல்லை' என்று தானே எழுதிக்கொண்டார். நான் பக்கத்தில் நின்று நாலைந்து பேருக்கு வாசித்துச் சொன்னேன். அதில் ஒரு அக்கா, "இம்புட்டுத்தானா, இத முன்னயே சொல்லியிருந்தா பக்கத்து வீட்டுக்காரியையும் கூட்டியாந்திருப்பேனே" என்றாள்.

எங்கள் சனம் ஊசிக்குப் புதிதில்லை. எங்கள் கொள்ளுத்தாத்தாமாரை மண்டபம் கேம்பில் தடுத்து வைத்து, குளிப்பாட்டி, அம்மை குத்தித்தான் கப்பலில் ஏற்றினார்கள். யாரும் சம்மதம் கேட்கவில்லை. அந்தத் தழும்போடுதான் இந்த மலைக்கு ஏறினார்கள். இப்போதும் லயத்தில் எந்த வீட்டுக் கதவையும் தட்டுங்கள். தகரப் பெட்டிக்குள், பிறப்புச் சான்றிதழோடு சேர்த்து, சொப்பிங் பேக்கில் சுற்றி, பிள்ளையின் கிளினிக் காட் இருக்கும். பீ.சீ.ஜீ., போலியோ, சின்னமுத்து, ஒரு கட்டமும் காலி இருக்காது. போலியோ இந்த நாட்டில் கடைசியாக வந்தது 1993இல். அதற்குப் பிறகு வரவில்லை என்றால் அதில் கொழுந்துக்காரிகளுக்கும் பங்கிருக்கிறது, அரைநாள் பேரை விட்டுக்கொடுத்துப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு கிளினிக்குக்கு இறங்கினவர்கள் அவர்கள். ஏன் இறங்கினார்கள்? மிட்வைஃப் மிஸ் வீட்டுக்கு வந்து, பாயில் உட்கார்ந்து, தேத்தண்ணி குடித்து, பிள்ளையின் பேரைச் சொல்லிக் கூப்பிட்டாள். இந்த முறை அவளை ஏன் அனுப்பவில்லை? ஒலிபெருக்கி பூட்டிய திரீவீலர் ஏன் வந்தது?

'படிக்காத சனம்' என்று எங்களைச் சொல்வதற்கு முன் இன்னொன்றும். போன டிசம்பரில் கேகாலையில் கொவிட்டுக்கு மருந்து என்று ஒருவர் ஒரு பாணியை, அதாவது குடிக்கும் நாட்டு மருந்தை, கொடுக்க, அதை வாங்கப் படித்தவர்களும் பெரிய உத்தியோகத்தர்களும் தோளோடு தோள் இடித்து நின்றார்கள். இந்த மாதம் நடுப்பகுதிவரை சுகாதார அமைச்சராக இருந்த பவித்ரா வன்னியாரச்சியே அந்தப் பாணியைக் குடித்துக் காட்டினார், தொற்று ஒழிய வேண்டுமென்று ஆற்றில் பானையும் விட்டார், ஜனவரியில் அவருக்கே தொற்று வந்தது. கேகாலை வரிசையை யாரும் படிக்காத சனம் என்று சொன்னதாக எனக்கு ஞாபகமில்லை.

இனி ஊசியைப் பற்றி. நீங்கள் சொல்ல வேண்டியதை என் லயத்து ஆட்களுக்கு நான் சொன்ன விதம் இது, பிழை இருந்தால் வியாழக்கிழமை எல்லார் முன்னாலும் திருத்துங்கள்.

சினோபார்ம் ஊசிக்குள் இருப்பது செத்த கிருமி. திருட்டுக் கொழுந்து எடுக்க வருகிறவனின் படத்தை வாட்ச்சரிடம் முன்கூட்டியே காட்டி வைப்பது மாதிரி. படம் வந்து திருடப் போவதில்லை. ஆனால் ஆள் வரும்போது வாட்ச்சருக்கு முகம் தெரியும். கையில் வலியும் காய்ச்சலும் வருவது வாட்ச்சர் விழித்துக்கொண்டதற்கு அடையாளம், பெரும்பாலும் ஒன்றிரண்டு நாளில் அடங்கிவிடும். உலக சுகாதார நிறுவனம் இந்த ஊசியை மே 7ஆந் திகதி ஏற்றுக்கொண்டபோது 79 வீதம் பலன் என்றது. எங்கள் லயத்துப் பெடியன் ஒருவன், "அப்ப நூறு பேருல இருவத்தியொரு பேருக்கு வேல செய்யாது" என்றான். அப்படியில்லை. ஊசி போடாத கூட்டத்தில் 100 பேர் நோயில் விழுவார்கள் என்றால், அதே அளவு கூட்டம் ஊசி போட்டிருந்தால் 21 பேரளவில் விழுவார்கள், அதுதான் கணக்கு. பரிசோதனையில் 60 வயது தாண்டியவர்கள் குறைவாகவே இருந்தார்கள் என்பதையும் அந்த நிறுவனமே சொல்லியிருக்கிறது. அதை மறைக்க வேண்டியதில்லை. ஊசி போட்டாலும் தொற்று வரலாம், வந்தால் ஆஸ்பத்திரிக் கட்டில்வரை போகாமல் தப்ப வாய்ப்பு அதிகம். பத்துக்குப் பன்னிரண்டு அடி காம்பிராவில் ஏழு பேர் படுக்கிற இடத்தில், ஒரே பீலியில் இருபது வீடு தண்ணீர் பிடிக்கிற இடத்தில், "தனிமையில் இருங்கள்" என்ற புத்திமதியைவிட இந்த ஊசி பெரிய விசயம். இப்படிச் சொன்னபோது யாரும் எழுந்து போகவில்லை. கேள்வி கேட்டார்கள்.

கேட்டதில் எனக்குப் பதில் சொல்ல முடியாமல் போனது ஒன்றுதான்: "ரெண்டாவது ஊசி வருமா டீச்சர்?" கோவிஷீல்ட் முதல் ஊசி போட்டவர்களில் ஆறு லட்சம் பேரளவில், இந்தியா ஏற்றுமதியை நிறுத்தியதால் மாதக்கணக்கில் தொங்கிக்கொண்டிருந்தார்கள். ஜூலை 31ஆந் திகதி ஜப்பானிலிருந்து வந்த பிறகுதான் மூச்சு வந்தது. கண்டியில் ஸ்புட்னிக் போட்ட சொந்தக்காரர்கள் எங்களுக்கும் இருக்கிறார்கள், இன்னும் இரண்டாவதுக்குக் காத்திருக்கிறார்கள். ஆகவே இது வதந்தி கேட்டு வந்த பயமல்ல, செய்தி பார்த்து வந்த பயம். நாலு கிழமைக்குப் பிறகு எந்தத் திகதி, எந்த இடம் என்பதை அட்டையிலேயே எழுதிக் கொடுங்கள். அன்றைக்குத் திகதிக் கட்டத்தை வெறுமையாக விட்டுத்தான் அட்டை கொடுத்தீர்கள்.

கட்டார் போகக் காத்திருக்கும் பெடியன்மார் பைசர் வந்தால்தான் போடுவோம் என்று நிற்கிறார்கள். அவர்களோடு எனக்குக் கோபம், ஆனால் அது எங்கள் வீட்டுச் சண்டை, நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்.

துரை அவர்களுக்குத் தனியாக ஒன்று சொல்ல வேண்டும். ஊசி முடிந்த மறுநாள் பிரட்டுக்களத்தில், அட்டை இல்லாதவர்களுக்கு முதலாந் திகதியிலிருந்து வேலை இல்லை என்று சொல்லப்பட்டது. அதை வாபஸ் வாங்குங்கள். பயத்தில் கை நீட்டுகிறவள் இரண்டாவது ஊசிக்கு ஒளிந்துகொள்வாள், அடுத்த முறை பிள்ளையின் ஊசிக்கும் யோசிப்பாள். அதைவிட மலிவான வழி இருக்கிறது. மே மாதம் கீழ் டிவிசனை 14 நாள் மூடினார்களே, அப்போது எத்தனை கிலோ கொழுந்து செடியிலேயே முற்றிப்போனது என்ற கணக்கு உங்கள் ஒபிசில் இருக்கும். ஊசி போட்ட மறுநாளுக்கு ஒவ்வொருவருக்கும் ஒரு முழுப் பேர் போட்டால் எவ்வளவு வரும் என்று கணக்கப்பிள்ளையிடம் கேட்டு, இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். காய்ச்சல் வந்தாலும் வராவிட்டாலும் ஒரு பேர். 20 கிலோ கேட்காமல். இதை வியாழனுக்கு முன் பிரட்டில் வாயால் சொன்னால் போதாது, கடிதாசியில் எழுதி ஒட்டுங்கள். வாயால் சொன்னது எத்தனை காற்றில் போனது என்று உங்களுக்கும் தெரியும், எங்களுக்கும் தெரியும்.

தலைவர்மாரே, ஊசியைத் தோட்டத்துக்குக் கொண்டுவந்தது நாங்கள்தான் என்று மூன்று சங்கமும் மூன்று போஸ்டர் ஒட்டியிருக்கிறீர்கள். ஐஸ் பெட்டிக்குப் பக்கத்தில் நின்று எடுத்த போட்டோ பேஸ்புக்கில் பார்த்தேன், வெள்ளைச் சேர்ட் எடுப்பாக இருந்தது. கூட்டு ஒப்பந்தம் இப்போது இல்லை, பெரிய சம்பளப் பேச்சு நடக்கும்போது நடக்கட்டும். அதற்கிடையில் இந்த ஒருநாள் பேருக்காக மூன்று பேரும் சேர்ந்து பங்களாப் படி ஏறுங்கள். சந்தா மாதாமாதம் சரியாகத்தான் வெட்டப்படுகிறது.

மறந்துவிடக்கூடாத இன்னொருத்தி இருக்கிறாள். இரண்டாம் நம்பர் லயத்துப் பாட்டி, 70 தாண்டியவள். அன்றைக்கு முதல் ஆளாக வந்து நின்றாள். அடையாள அட்டையில் ஒரு பேர், தோட்டப் பதிவில் ஒரு பேர், கிராம உத்தியோகத்தரின் கடிதம் கொண்டுவா என்று திருப்பி அனுப்பிவிட்டீர்கள். பேர் பிழைத்தது அவள் குற்றமல்ல, அவள் காதில் கேட்டதை யாரோ தன் பாஷையில் எழுதிக்கொண்டார். ஊருக்கே தெரிந்த ஆள், கங்காணி பக்கத்தில் நிற்கிறார், டிஸ்பென்சர் ஐயா நிற்கிறார், இவள்தான் அவள் என்று சொல்ல இரண்டு பேர் போதாதா? ஊசியை நாங்கள் மறுக்கிறோம் என்கிறீர்கள். கேட்டு வந்தவளை மறுத்தது யார்? இந்த வியாழக்கிழமை அவள் வருவாளா என்று எனக்குச் சந்தேகம், மூன்று கிலோமீற்றர் இறக்கம், முழங்கால் வலி. மிட்வைஃப் மிஸ்ஸோடு ஒரு பெட்டியை அவள் வாசலுக்கு அனுப்ப முடியுமா என்று பாருங்கள்.

தமிழ் தெரிந்த ஒரு தாதி மேசையில் இருக்க வேண்டும். கிடைக்காவிட்டால் நானும் இன்னும் இரண்டு டீச்சர்மாரும் காலை ஏழு மணிக்கே வந்து உட்காருகிறோம், காசு வேண்டாம், தமிழ்ப் படிவம் மட்டும் நூறு பிரதி முன்கூட்டியே அனுப்புங்கள். எங்கள் பாடசாலை போட்டோகொப்பி மெசின் போன வருசத்திலிருந்து வேலை செய்யவில்லை.

என் அம்மா இன்னும் முடிவெடுக்கவில்லை. நேற்று ராத்திரி இந்தக் கடிதத்தை வாசித்துக் காட்டினேன். பேர் போடுகிற விசயத்தை எழுதிய இடத்தில் தலையாட்டினாள். அப்பாயியின் லொறிக் கதை வந்ததும் அடுப்பைப் பார்த்துக்கொண்டிருந்தாள், ஒன்றும் சொல்லவில்லை. கடைசியில் ஒரு கேள்வியைச் சேர்க்கச் சொன்னாள்: பிரஷர் குளிசை குடிக்கிறவர்கள் அன்றைக்குக் காலையில் அதைக் குடித்துவிட்டு வர வேண்டுமா, குடிக்காமல் வர வேண்டுமா? குடித்துவிட்டுத்தான் போக வேண்டும் என்று நான் சொன்னேன். டொக்டர் சொல்லட்டும் என்கிறாள். புதன்கிழமைக்குள் டிஸ்பென்சரிக் கதவில் எழுதி ஒட்டிவிடுங்கள். எழுத்துக் கொஞ்சம் பெரிதாக இருக்கட்டும், அவளுக்குக் கண்ணாடி இல்லை.

இப்படிக்கு,
மேல் டிவிசன் டீச்சர்